மயான காண்டமும் தாத்தாவின் முழத்துண்டும்

இருபது வருடங்களுக்கும் மேலாக ஸ்பெஷல் நாடகம் நடக்கும் இடத்துக்கு நான் போனதில்லை. பேருந்தை விட்டு இறங்கும்போதே ஆர்மோனியச் சத்தம் கேட்டால், வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறவன். "அதெல்லாம் மனுதர்மத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிற வேலை, தோழர்" என்று வாசிப்பு வட்டங்களில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் போன பங்குனியில் எங்கள் தெருவில் நடந்த 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தை விடியும்வரை எழுந்திருக்காமல் பார்த்தேன். அதை எழுதிவைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. என்னைப் போலவே ஒதுங்கி நிற்கும் தம்பி தங்கைகளுக்காகவும், என் தாத்தாவுக்காகவும்.

வடமாவட்டங்களில் இருக்கும் தோழர்களுக்குத் தெருக்கூத்து தெரியும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கம் திருவிழா என்றால் இசை நாடகம்தான். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வோம். இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சில நேரம் அரிச்சந்திரனும் சந்திரமதியும் அன்று இரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள். பாட்டும் வசனமும் அவரவர் தலைக்குள் இருக்கும். மற்றதையெல்லாம் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இழுத்துப் பிடித்து விடியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் இன்றும் இப்படித்தான் ஆடப்படுகின்றன.

இந்த மேடைக்கும் சாதி உண்டு. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், விடுதலைப் போராட்டப் பாடல்களை முருகன் வேடத்திலேயே பாடித் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர். அவர் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் பாட்டை வெள்ளைக்காரன் தடுத்தான், தோளோடு தோள் நிற்பதை நம் ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். எனவே நான் விலகி நின்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவுக்கு அரிச்சந்திரன் நாடகம் போட முடிவாயிற்று. அரிச்சந்திரன், சந்திரமதி, விசுவாமித்திரர் என்று எல்லா வேடத்துக்கும் ஆள் எடுத்த பிறகு வாத்தியார் என்னைப் பார்த்தார். "வெட்டியான் வேஷம் உனக்கு. உனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லையே" என்றார். வகுப்பே சிரித்தது. என் அப்பாவைப் பெற்ற தாத்தா எங்கள் ஊரின் வெட்டியான். சாவுச் சேதி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பிணம் எரிப்பது எல்லாம் அவர் வேலை. ஆண்டுவிழா அன்று காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அரிச்சந்திரன் என்ற பெயரே எனக்கு ஆகாது.

வளர்ந்து படித்த பிறகு அந்த வெறுப்புக்கு வாதங்களும் கிடைத்தன. சத்தியத்துக்காக அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான், மனைவியையும் மகனையும் விற்கிறான். அவன் போய் விழும் கடைசிப் பள்ளமாகக் கதை எதைக் காட்டுகிறது? மயானம் காக்கும் ஒரு புலையனுக்கு அடிமையாவதை. அதாவது, என் தாத்தா பிறந்து வளர்ந்து செத்த இடம்தான் அவனுக்கு நரகம். சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, தனக்குள்ளேயே அதைப் பலமுறை நடித்துப் பார்த்ததாகக் காந்தி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். 1913இல் பால்கே எடுத்த முதல் முழுநீளப் படமும் அரிச்சந்திரன் கதைதான். ராஜாவின் சத்தியத்தைப் பார்த்து நாடே அழுதது. அந்த ராஜா மறுபடி அரியணை ஏறிய பிறகு மயானத்தில் வேலையை யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம்மில் ஒருவர் கேட்டார். அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதையைப் பற்றி எழுதியதற்குத் தலைப்பே 'அரிச்சந்திரன் பொய்கள்'. அந்தத் தலைப்பைப் பார்த்த நாளில் எனக்கு எட்டாம் வகுப்புக் காய்ச்சல் இறங்கியது போலிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுத்தான் நாடகத்துக்குப் போக முடியும்.

எங்கள் பக்கம் மயானத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல் நட்டிருக்கும். அரிச்சந்திரன் கல் என்பார்கள். சில ஊர்களில் சிறு கோயிலே உண்டு. பாடையை அங்கே இறக்கி, தலைமாடு கால்மாடு திருப்புவார்கள். அங்கே நின்றுதான் வெட்டியான் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் அரிச்சந்திரன் பேரைச் சொல்லி வழி கேட்பார். அவர் சொல்லி முடிக்காமல் எப்பேர்ப்பட்ட பண்ணையார் பிணமும் உள்ளே போகாது. என் தாத்தா ஐம்பது வருடம் அந்தக் கல்லடியில் நின்று சொன்னவர்.

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தாத்தா இறந்தார். அப்போதுதான் அம்பேத்கரைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். மகர்களைப் பரம்பரை ஊர்ச்சேவகத்தில் கட்டிவைத்திருந்த வத்தன் முறைக்கு எதிராக 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் திருத்த மசோதா கொண்டுவந்ததையும், கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். வெட்டி என்றால் கூலியில்லாத வேலை. அந்தச் சொல்லையே பெயராகச் சுமந்த மனிதரை அந்தச் சடங்கோடே அனுப்புவதா? "இந்த அடிமைப் பாட்டு எங்க தாத்தாவுக்கு வேணாம்" என்று கல்லடியில் மறித்து நின்றேன். பங்காளிகள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுக்கொடுத்தார்கள். ஜெய்பீம் முழக்கத்தோடு அடக்கம் செய்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டது. "கல்லுக்கிட்ட யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லல அப்பத்தா."

அப்பத்தா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

போன பங்குனியில் நான் ஊருக்குப் போனது நாடகத்துக்காக அல்ல, மயானப் பாதைக்காக. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் கயிறு இல்லை, வரப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் தொடையளவு சேற்றில்தான் பாடை போகும். ஊருக்கே பிணம் எரித்த தெருவுக்குத் தன் பிணத்தைக் கொண்டுபோக வழியில்லை. மனுவில் கையெழுத்து வாங்கப் போனால் தெருவே பந்தல் வேலையில் இருந்தது. தலைக்கட்டு வரி போட்டு நாடகம் வைத்திருந்தார்கள்.

"என்ன நாடகம்?"

"அரிச்சந்திரன்ணே."

"உங்களுக்கு வேற நாடகமே கிடைக்கலையாடா?"

"பபூன் நல்லா இருக்கும்ணே. முடிஞ்சதும் எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்கல்ல?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. எண்பது தாண்டிய அப்பத்தா வேறு, முன்வரிசையில் பாய் விரித்துத் தரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடலாம் என்ற கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பபூனும் டான்ஸும் முதல் ஒரு மணி நேரம். நான் எதிர்பார்த்த மாதிரியே பெண்களைப் பற்றிய சில்லறை நகைச்சுவைகள். அதை நியாயப்படுத்தப் போவதில்லை, இன்றும் எனக்கு அது பிடிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டேன்.

கைப்பேசியை உள்ளே வைக்கச் செய்தது காலகண்ட ஐயர். சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விலைக்கு வாங்கும் ஆள். பபூனே அந்த வேடத்தில் வந்தார், டான்ஸ் ஆடிய அம்மா அவர் மனைவி காலகண்டியாக வந்தார். நெல் குத்தினாயா, சாணி அள்ளினாயா, தண்ணீர் சுமந்தாயா என்று அந்த அம்மா அடுக்க அடுக்க, சந்திரமதி மூச்சு வாங்கப் பாட்டிலேயே பதில் சொல்கிறாள். பாட்டு முடியும் இடத்தில் காலகண்டி, "சரி, இதெல்லாம் ஒரு வேலையா? இனிமே வேலையைப் பாரு" என்றதும் எங்கள் தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. எனக்குப் பின்னால் ஒரு சித்தி, "அப்பிடியே நம்ம முதலாளியம்மா" என்றார். மகன் பாம்பு கடித்துச் செத்த சேதி வந்தபோதும், வேலையை முடித்துவிட்டுப் போ, விடிவதற்குள் திரும்பி வா என்கிறார் ஐயர். சிரித்துக்கொண்டிருந்த பந்தல் அப்படியே அடங்கிப்போனது. இத்தனை வருடம் நான் கதையின் நரகத்தைத் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இந்தக் கதையின் கொடுமையெல்லாம் அக்கிரகாரத்து வீட்டுக்குள் நடக்கிறது. எங்கள் தெருப் பெண்களுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர்கள் அழவந்தது ராஜாவுக்காக அல்ல, ராணி படும் வீட்டுவேலைக்காக.

அரிச்சந்திரன் விலைபோகும் காட்சியில்தான் வீரபாகு வந்தார். மயானத்தின் சொந்தக்காரர், ராஜாவை வாங்கப்போகிறவர். முகத்தில் கரியைப் பூசி, கள்ளுப் பானையோடு தள்ளாடும் ஒரு கோமாளிக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். வந்தவர் நிதானமாக வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருக்கவில்லை, தோளில் போட்டிருந்தார். கடன் வசூலிக்கப் பின்னாலேயே வரும் நட்சத்திர ஐயர், பணத்தைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்கிறார். வீரபாகு பணப்பையைப் பார்க்கிறார், ஐயரைப் பார்க்கிறார். "எங் காசுக்குத் தீட்டு இல்ல. எங் கைக்குத்தான் தீட்டா சாமி?" இளவட்டங்களின் விசில் நிற்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவர் கீழே வைக்கவும் இல்லை. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார். நேரம் ஆக ஆக, ஐயர் அதைக் கையில்தான் வாங்க வேண்டியதாயிற்று.

அதற்கடுத்து வந்த காட்சியைத்தான் நான் மறக்க மாட்டேன். வீரபாகு ராஜாவுக்கு வேலை பழக்குகிறார். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார். வரட்டியை இப்படி அடுக்கு, வைக்கோலை இப்படிப் பரப்பு, மேலே சேறு பூசு, புகை போக வழி விடு. சூட்டில் நரம்பு இழுத்து உடம்பு எழும், பயப்படாதே, கோலால் பதமாக அமுக்கு, அடிக்காதே, அது யாரோ பெற்ற பிள்ளை. நாடாண்ட அரிச்சந்திரனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வரட்டியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. ராஜபார்ட்காரர் தடுமாறத் தடுமாற, வீரபாகு பொறுமையாகத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். "உனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லையே" என்று என்னிடம் சொன்னவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அது படிக்காமல் வருகிற வேலை என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசியாக வீரபாகு, மயான வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். ஆர்மோனியம் தணிந்தது. வந்திருப்பவர் யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று இங்கே கேட்பதில்லை என்றும், எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றும், அதைக் கொடுத்தபின் எல்லாருக்கும் ஒரே மண் என்றும் ஒரு நீண்ட இழுப்பில் பாடினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெட்டு கொஞ்சம் வேறு, சொல் கொஞ்சம் வேறு, ஆனால் அது தாத்தா கல்லடியில் சொன்னதுதான். அரிச்சந்திரன் பேரால் எங்கள் தாத்தாமார் சொல்லிவந்ததை, அன்று அந்த மேடையில் அரிச்சந்திரனே எங்கள் தாத்தாமாரிடமிருந்து கற்றுக்கொண்டான்.

அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்தது. என் பக்கம் திரும்பவில்லை. "இப்பச் சொல்லிட்டாங்கய்யா" என்றது.

பதினேழு வருடங்கள் அது அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மயானத்துக்குச் சந்திரமதி பிள்ளையைத் தூக்கி வந்தபோது பந்தலில் ஒருவரும் தூங்கவில்லை. கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான் அரிச்சந்திரன். அவளிடம் எதுவும் இல்லை. அரிசி என் பங்கு, அதை விட்டுத்தருகிறேன், பணமும் துணியும் என் ஆண்டைக்குச் சேர வேண்டியவை என்கிறான். பள்ளிக்கூடத்தில் இதைச் சத்தியம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு அது கூலிக் கணக்கு. முழத்துண்டு எங்கள் வீட்டில் தலையணை உறையாக இருந்தது. வாய்க்கரிசிதான் எங்கள் உலையில் வெந்தது. அந்தச் சோற்றைத் தின்றுதான் என் அப்பா படித்தார். இதை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

விடிந்தபின் டீக்கடையில் வீரபாகு வேடக்காரரைப் பிடித்தேன். முகத்தில் பாதி அரிதாரம் இருந்தது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வாத்தியாரு குடிகாரனாத்தான் ஆடச் சொல்லிக்குடுத்தாரு தம்பி. பத்து வருசம் அப்பிடித்தான் ஆடுனேன். ஒரு ஊர்ல மயான வேலை பாக்குற பெரியவரு ஒருத்தரு முன்னாடி உக்காந்திருந்தாரு. நாடகம் முடிஞ்சதும் வந்து, 'தள்ளாடுறவன் கையில தீயக் குடுப்பாங்களாப்பா?'ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. மறுநா அவரு வீட்டுக்கே போயிட்டேன். அவரு சொல்லிக்குடுத்ததுதான் எல்லாம்."

ஊர்த்தெருவில் ஆடும்போதும் இப்படித்தான் ஆடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் கொறச்சு ஆடுவேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக அவரை இன்னும் பிடித்துப்போயிற்று.

தோழர்களே, நான் அரிச்சந்திர பக்தனாகிவிடவில்லை. பண்டிதர் வைத்த தலைப்பு அப்படியே நிற்கிறது. மார்க்கண்டேய புராணத்தில் அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் சண்டாளன் கடைசியில் வேடமிட்டு வந்த தர்மதேவதை என்று ஆகிவிடுகிறது. நம்மில் ஒருவன் நல்லவனாக இருந்தால் அவன் நம்மவனே அல்ல, தேவன் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அன்று நேரமாகிவிட்டதால் சிவன் வந்து அவசர அவசரமாக வரம் கொடுத்து நாடகத்தை முடித்தார். வீரபாகுவை யாரும் தேவனாக்கவில்லை. அவர் அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டிருந்தார். அந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

கல்லடியில் நான் மறித்தது தவறா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். வெட்டி வேலை ஒழிய வேண்டும். எங்கள் வீட்டில் அது தாத்தாவோடு ஒழிந்தது, அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் அந்த வேலையை அவர் மேல் சுமத்தியவர்கள் வேறு, அந்த வாசலில் நின்று அவர் கட்டிய சொல் வேறு. எல்லாருக்கும் ஒரே கட்டணம், ஒரே மண் என்று பண்ணையார் பிணத்தின் முன்னால் நின்று சொல்லும் உரிமை எங்கள் ஊரில் வேறு எவருக்கும் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நான் எறிந்துவிட்டேன். தாத்தாவிடம் ஒருமுறையாவது, "என்ன சொல்றீங்க அங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வகுப்பு சிரித்தது என் காதில் இருந்ததால் அவர் குரல் விழவில்லை.

நாடகங்களை, கூத்துகளை எதிர்த்து எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும். அதற்குமுன் ஒருமுறை உங்கள் தெருப் பாயில், உங்கள் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே அமைதியாகிறார்கள் என்று கவனியுங்கள்.

அன்று காலை பந்தலிலேயே நூற்றுக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அப்பத்தா கைநாட்டு வைத்தது. மதியம் சாப்பிட்டபின் கைப்பேசியை அதன் முன்னால் வைத்து, தாத்தா சொன்னதைச் சொல்லச் சொன்னேன். பொம்பளை சொல்லக் கூடாது என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "கதவச் சாத்திட்டு வா" என்றது. நாற்பது நிமிடம் நிறுத்தாமல் சொன்னது. ஒரு சொல் விடவில்லை.

பாதை மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.